உங்களுக்குத் தெரியுமா? ஊர் நடுவே 30 புதிய ஈக்கள்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈக்களில் சில, விரட்டினால் உடனே பறக்காது. விடுவிடுவென்று ஓடும், சட்டென நிற்கும், மறுபடி ஓடும். முதுகு கூனலாக இருக்கும். அவைதான் ஃபோரிடே குடும்பத்து ஈக்கள்.

இக்குடும்பத்தில் இதுவரை பெயர் பெற்ற இனங்களே 4,000-க்கும் மேல். பெயர் பெறாதவை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது நிபுணர்களின் கணிப்பு. லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் வலைப்பொறி வைத்தார்கள். 2015-இல் வந்த முடிவைப் பாருங்கள்: அறிவியல் அதுவரை அறியாத 30 இனங்கள்! அத்தனையும் மெகசீலியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மழைக்காட்டில் அல்ல, கார்கள் இரையும் பெருநகரத்தில்.

இந்தக் குடும்பத்து ஈக்களின் பிழைப்பும் விதவிதம். சில அழுகியதைத் தின்னும், சில காளானை. சூடாக்டியான் பேரினத்துப் பெண் ஈ, எறும்பின் உடலுக்குள் ஊசி போடுவதுபோல முட்டையைச் செலுத்தும். புழு எறும்பின் தலைக்குள் புகுந்து வளரும். கடைசியில் தலை கழன்று விழும். அந்த வெற்றுத் தலைக்குள்ளேயே அது கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவரும்.

இதே குடும்பத்தில், 2012-இல் தாய்லாந்திலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் இனத்தின் நீளம் 0.4 மில்லிமீட்டர்தான். உப்புக்கல் ஒன்றின் பக்கத்தில் வைத்தாலும் தேடத்தான் வேண்டும்.