சருகு வாரிய காட்டுக் காளான்

ஜப்பானில் இலையுதிர் காலத்தில் செம்பைன் காட்டுக்குள் போகிறவர்கள் தரையைப் பார்த்தபடியேதான் நடப்பார்கள். ஊசியிலைச் சருகு ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருக்கும். விரலால் ஒதுக்கினால், குடை விரியாத ஒரு பழுப்புத் தலை. லவங்கப்பட்டையை நினைவூட்டும் வாசனை. இதுதான் மாட்சுதாகே. பெயருக்கே 'பைன் காளான்' என்று பொருள். விரியாத காளானுக்கு விலை அதிகம். அது முளைக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள் என்பார்கள்.

சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்க்கிறோம். அது செத்த பொருளைத் தின்று வளரும். மாட்சுதாகேவுக்கு உயிருள்ள மரம் வேண்டும். அதனால் இன்றுவரை பண்ணையில் வளர்க்க முடியவில்லை. மண்ணுக்குள் அதன் இழைகள் பைனின் வேர்நுனியை உறைபோல மூடி, வேரின் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் வலையாகப் பரவுகின்றன. செல்லுக்குள் நுழைவதில்லை. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தச் சந்தில்தான். இலை வெயிலில் சமைத்த சர்க்கரை பூஞ்சைக்கு வரும். வேர் எட்டாத மண் இடுக்குகளில் இழைகள் துழாவியெடுத்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் தண்ணீரும் மரத்துக்குப் போகும். ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885-ல் இந்த உறவுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார்.

மரத்துக்கு இது உயிர்நாடி. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் நட்ட பைன் நாற்றுகள் திரும்பத் திரும்பக் குன்றிப்போயின. 1955-ல் வட கரோலினாவின் பைன் காட்டு மண்ணை, அதிலிருந்த பூஞ்சையோடு கொண்டுவந்து வேரடியில் இட்ட பிறகே தேறின.

மாட்சுதாகே இழைகள் மண்ணில் வெண்படலமாகப் படரும். ஜப்பானியர் அதை 'ஷிரோ' என்பார்கள். ஆண்டுக்கு ஒரு சாண்கூட நகராமல், வளையமாக வெளிநோக்கி விரியும்.

1941-ல் ஜப்பானில் சுமார் 12,000 டன் மாட்சுதாகே கிடைத்தது. இப்போது பல ஆண்டுகளில் 100 டன்கூடத் தேறுவதில்லை. காட்டை யாரும் தொடாமல் விட்டாலே போதும் என்று நம்பியிருந்தவன் நான். இங்கே நடந்தது நேர்மாறு. ஊர்க்காரர்கள் அடுப்புக்கு விறகும் வயலுக்குச் சருகும் வாரிக்கொண்டு போனார்கள். மண் சத்தில்லாமல் மெலிந்தே கிடந்தது. அந்த மண்தான் செம்பைனுக்கும் இந்தக் காளானுக்கும் தோது. எரிவாயுவும் ரசாயன உரமும் வந்ததும் காட்டுக்குப் போவது நின்றது. சருகு மட்கி மண் கொழுத்தது, அகன்ற இலை மரங்கள் நிழல் கட்டின. போதாக்குறைக்கு, வட அமெரிக்காவிலிருந்து வந்த நூற்புழு பைன்களைக் கூட்டம் கூட்டமாக வாட்டியது. மரம் பட்டால் ஷிரோவும் பட்டுப்போகும்.

கியோட்டோ பக்கம் தன்னார்வலர்கள் மறுபடியும் மண்வாரியோடு மலையேறுகிறார்கள். நிழல் மரங்களைக் கழித்து, சருகை வழித்து, பைன் கன்றுகளுக்கு வெயில் படச் செய்கிறார்கள்.