வடக்கே பாதை, கிழக்கே பயணம்!

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டு, "நியூயார்க் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிழக்கே என்பார் ஒருவர்; மேற்கே என்பார் அடுத்தவர். இரண்டும் இல்லை. ஏறக்குறைய நேர் வடக்கு!

சாங்கி 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. இன்னும் இரண்டே பாகை, உருண்டையின் சரிபாதி! ஒரு நூலை எடுத்து உலக உருண்டையில் இழுத்துப் பிடியுங்கள். மங்கோலியா, சைபீரியா, வட துருவத்தின் ஓரம், கனடா, நியூயார்க் என்று விறுவிறுவென்று போகும்.

தூரத்தையும் நாமே கணக்குப் போடலாம். சாங்கியிலிருந்து துருவம் 88.6 பாகை, அங்கிருந்து கென்னடி 49.4 பாகை. ஆக 138. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உலகின் மிக நீளமான இடைநில்லாப் பயணிகள் விமானச் சேவையின் தூரம் இவ்வளவுதான்!

ஆனால் விமானம் அந்த நூல் வழியே போவது அபூர்வம். இங்கேதான் திரைமறைவு நாயகரான டிஸ்பாட்சர் வருகிறார். தரையில், திரைகளுக்கு முன்னால் அமர்ந்து காற்று, வானிலை, எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து அன்றன்றைக்குப் பாதை போடுபவர். அவருடைய செல்லப்பிள்ளை ஜெட் ஸ்ட்ரீம்: சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அதன் முதுகில் ஏறி, பசிபிக் வழியே சுற்றிப் போனால் தூரம் கூடும், நேரம் குறையும்! திரும்பும்போதும் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா என்று கிழக்கு நோக்கியே வருகிறார்கள். போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாயிற்று!

பயணம் சுமார் பதினெட்டரை மணி நேரம். கட்டுச்சோற்றைச் சுமக்கத் தெம்பு வேண்டுமென்று அந்தச் சோற்றையே தின்னும் வழிப்போக்கன் கதைதான் இந்த விமானத்துக்கும்: எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். அதற்காகவே வந்தது ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர். சாதாரண ஏ350-900 விமானம் 1,41,000 லிட்டர் கொள்ளும். இது 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. விமானிகள் நான்கு பேர், முறைவைத்துத் தூங்குவார்கள். பின்பக்கம், பயணிகளின் தலைக்கு மேலே, பணிப்பெண்களும் பணியாளர்களும் படுக்க ரகசிய அறை!

இன்னொரு கூத்து கேளுங்கள். கோடையில் இரு ஊர்களுக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. கைக்கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம். வெள்ளி நள்ளிரவில் கிளம்பினால் சனி காலை ஆறரைக்கு நியூயார்க்!

மிகக் குறுகிய தூரத்தைப் பூமி முடிவு செய்துவிட்டது. நேரத்தைத்தான் காற்று தினமும் மாற்றி எழுதுகிறது. அடுத்த முறை உங்கள் விமானம் அரை மணி முன்னதாக இறங்கினால், விமானிக்குக் கைதட்டும்போது பாதை போட்டவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.