கணக்குக் கேட்கும் கடமை

ரோமர் 13ஆம் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டி, அரசை வினவுதல் கிறிஸ்தவனுக்குத் தகாது என்று கூறுவோர் நம் சபைகளில் உண்டு. அக்கருத்து அப்பகுதியின் பொருளுக்கு ஏற்றதுதானா என்பதை நெய்யூர் வட்டாரத்தின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வோம்.

அவ்வதிகாரத்தின் 4ஆம் வசனத்தில், ஆளுகை செய்பவரைக் குறிக்கப் பவுல் கையாளும் கிரேக்கச் சொல் ‘தியாக்கொனொஸ்’ என்பதாகும். பணிவிடை செய்பவர் என்பது அதன் பொருள். நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பு அதனை ‘ஊழியக்காரன்’ என்கிறது. தென் திருவிதாங்கூரிலோ இச்சொல் கசப்பான வேறொரு பொருளையும் உடையதாயிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களிடம் அரசு கூலியின்றிப் பெற்ற கட்டாய வேலைக்கு ‘ஊழியம்’ என்றே பெயர். மக்களிடம் ஊழியம் வாங்கிய அரசே, மக்களின் நன்மைக்காக ஊழியம் செய்யக் கடமைப்பட்டது என்பதே பவுலின் போதனை. ஊழியக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். ஆகவே கணக்குக் கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. விசாரணையின்றித் தம்மை அடித்துச் சிறையிலிட்ட பிலிப்பி நகர அதிகாரிகள் தாமே நேரில் வரவேண்டும் என்று பவுல் குடியுரிமையின் பேரில் வற்புறுத்தியதையும் (அப். 16) நினைவுகூர வேண்டும்.

லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1828இல் நெய்யூருக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டே, கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், ஆனால் மேல்சீலை அணியலாகாது என்னும் அரச விளம்பரம் வெளிவந்தது. 1858–59இல் மீண்டும் கலவரம் மூண்டு, ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. மிஷனெரிமார் திருவிதாங்கூர் அரசுக்கு விண்ணப்பித்தனர். சென்னை ஆளுநர் டிரெவெலியன் தலையிட்டார். 1859 ஜூலை 26ஆம் நாள் மகாராஜா உத்திரம் திருநாள் புதிய விளம்பரம் பிறப்பித்தார். எம்மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் மார்பை மறைக்க அது இடமளித்தது. எனினும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடை நீங்கவில்லை.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறுகிறோம். வாக்குரிமையோ சட்டமன்றமோ இல்லாத நாளிலும் மக்கள் முப்பது ஆண்டுகள் சோராது நியாயம் கேட்டனர் என்பது முதலாவது. தன் கூட்டத்தாருக்கு மட்டும் பெறும் சலுகை முழு நீதியாகாது என்பது இரண்டாவது. 1847இல் மிஷனெரிமார் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மகாராஜாவுக்கு விண்ணப்பம் அளித்தனர். 1855இல் அடிமைகள் விடுதலை பெற்றனர். பிறருக்காகப் பேசிய அவ்விண்ணப்பமே நமக்குச் சிறந்த முன்மாதிரியாகும்.

அன்று குடிகளாயிருந்தோர் இன்று குடிமக்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எவரும் அரசு அலுவலகத்தை வினவலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடையளிக்கப்பட வேண்டும். ஊராட்சியின் வரவுசெலவைக் கிராம சபையில் கேட்கலாம். முதியோர் உதவித்தொகை கிடைக்காத ஒரு விதவைக்கு மனு எழுதிக் கொடுப்பதும் ஆயரின் பணியன்றோ?

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தன் வரவுசெலவைச் சபையார்முன் ஒளிவின்றி வைக்காத திருச்சபை, அரசிடம் கணக்குக் கேட்கும் தகுதியை இழந்துவிடும். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்குகிறது என்ற பேதுருவின் எச்சரிப்பு நமக்கும் உரியதே.