கணினி விசிறிகளுக்கு வலுவும் ஆணையும்: குடாநாட்டு வெப்பத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

மேசைக்கணினி ஒன்று நுகரும் மின்வலு ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. 200 வாற்று வலுவை நுகரும் கணினி, 200 வாற்று வெப்பத்தையும் தன் பெட்டிக்குள் பிறப்பிக்கின்றது என்று கொள்ளலாம். இவ்வெப்பத்தை வெளியேற்றுவதற்கே விசிறிகள் அமைந்துள்ளன. அவை போதாதபோது வலிய விசிறிகளைப் பொருத்துவது இயல்பு. ஆயின், அவ்விசிறிகளுக்கு வலு எங்கிருந்து வரவேண்டும், அவற்றை ஆளும் ஆணை எங்கிருந்து வரவேண்டும் என்னும் இரு வினாக்களும் ஒன்றாகவே கருதப்பட்டுக் குழப்பம் விளைகின்றது. அவ்விரண்டையும் பிரித்து நோக்கி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமைகளுக்கு ஏற்ப விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், வேண்டிய காற்றின் அளவை நோக்குவோம். பெட்டிக்குட் புகும் காற்று 10 பாகை செல்சியசு சூடேறி வெளியேறலாம் எனக் கொண்டால், 200 வாற்று வெப்பத்தை அகற்றுவதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 17 லீற்றர் காற்று வேண்டும். 5 பாகை மட்டுமே சூடேறலாம் எனின், காற்று இருமடங்காதல் வேண்டும். எனினும், எத்துணை விசிறிகளைப் பூட்டினும் பெட்டியின் உட்புறம் அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிராது. சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கு நண்பகல் வெப்பநிலை 33 பாகையை எட்டுவது வழக்கம். 21 பாகையுள்ள குளிரூட்டிய அறையில் இருக்கும் கணினியோடு ஒப்பிடின், நம் கணினி தன் பணியைத் தொடங்குமுன்னரே 12 பாகை பின்தங்கி நிற்கின்றது.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, மேசை விசிறியொன்றை அதன்முன் நிறுத்துவர். இதில் இரு குறைகள் உள. சோழகக் காற்றோடு வரும் புழுதி தடையின்றி உட்புகுகின்றது. மேலும், மின்தடை ஏற்படுங்கால், யூ.பி.எஸ். எனப்படும் தடையில்லா மின்வழங்கியைக் கொண்டு கணினி தொடர்ந்து இயங்க, சுவரிலிருந்து மின்பெறும் மேசை விசிறியோ நின்றுவிடுகின்றது. காற்று வேண்டப்படும் வேளையிலேயே காற்று இல்லாது போகின்றது. பெட்டியினுள் அமைந்த விசிறிகள் கணினியின் வலு வழங்கியிலிருந்தே மின்பெறுதலின், கணினி இயங்கும்வரை அவையும் இயங்கும்.

இனி வலுவை நோக்குவோம். கணினி விசிறிகள் 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவன. பொதுவான 120 மில்லிமீற்றர் விசிறி 0.1 முதல் 0.3 அம்பியர் வரையான மின்னோட்டத்தைப் பெறும். வலிய விசிறிகள் இதனினும் மிகுதியாகப் பெறும். சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் மேலும் உயரும். தாய்ப்பலகையிலுள்ள விசிறி இணைப்பு ஒவ்வொன்றும் பொதுவாக 1 அம்பியர் வரையே, அதாவது 12 வாற்று வரையே தாங்கும். 0.3 அம்பியர் விசிறிகள் மூன்றைக் கிளைக்கம்பியால் ஓர் இணைப்பிற் பூட்டின், 0.9 அம்பியராகி எல்லையை நெருங்குகின்றோம். தொடக்கக் கணத்தில் அதனைக் கடக்கவும் கூடும். இதனாற் பழுதுறக்கூடியது விலைகுறைந்த விசிறியன்று, தாய்ப்பலகையே என்பது கருதத்தக்கது.

வேகத்தைச் சிறிது கூட்டினும் வலு பெரிதும் கூடும். ஒரே விசிறியில் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதமாகவும், வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பவும் மாறும். நிமிடத்துக்கு 1200 சுற்றுகளை 1500 ஆக்கினால் காற்று கால்பங்கு கூடும். வலுவோ ஏறத்தாழ இருமடங்காகும். வேகத்தைப் பாதியாக்கினால் வலு எட்டிலொன்றாகும். இரைச்சலும் 15 டெசிபெல் அளவு குறையும். எனவே சிறிய விசிறியை விரைந்து சுழற்றுவதினும் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதே சாலச் சிறந்தது.

அடுத்து, ஆணை. விசிறியின் நான்கு கம்பிகளுள் முதலாவது புவிமுனை. இரண்டாவது 12 வோல்ற்று. மூன்றாவது, ஒரு சுற்றுக்கு இரு துடிப்புகள் வீதம் வேகத்தை அறிவிப்பது. நான்காவது, ஆணையை ஏற்பது. நான்காவது கம்பியில் ஏறத்தாழ 25 கிலோஹேட்சு மீடிறனுடைய துடிப்புகள் செல்லும். துடிப்பின் அகலம் கூடின் வேகம் கூடும்; குறையின் குறையும். ஆணை முற்றாக அற்றுப்போயின், இத்தகைய விசிறி முழுவேகத்திற் சுழலும். பிழை நேரினும் காற்று நிற்பதில்லை.

மூன்று கம்பி விசிறிக்கு ஆணைக்கம்பி இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்தே அதன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். இதன் எல்லையை நம்மவர் நன்கறிவர். 1990இல் குடாநாட்டின் மின்வழங்கல் துண்டிக்கப்பட்டபின், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் பலர். மிதி தளர்ந்தால் மின்னழுத்தம் வீழும். ஓரளவுக்குக் கீழே வானொலி அடங்கிவிடும். அவ்வாறே, மின்னழுத்தம் மிகக் குறையின் விசிறி நின்றுவிடும். நின்றது மீளத் தொடங்குவதற்கு, சுழல்வதற்கு வேண்டியதினும் கூடிய மின்னழுத்தம் வேண்டும்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு எளியது: வலுவை வலு வழங்கியிடமிருந்தும், ஆணையைத் தாய்ப்பலகையிடமிருந்தும் பெறுக. இதற்கென விசிறி மையம் எனத்தக்க சிறு பலகைகள் கடைகளில் உள. வன்தட்டுக்கு மின்தரும் சாட்டா இணைப்பிலிருந்து அவை 12 வோல்ற்றைப் பெறும், அவ்விணைப்பு 4.5 அம்பியர் வரை தாங்கும். ஆணைத்துடிப்பை மட்டும் தாய்ப்பலகையிலிருந்து பெற்று எல்லா விசிறிகளுக்கும் பகிரும். வேகத்தை அறிவிக்கும் கம்பி ஒரேயொரு விசிறியிலிருந்தே தாய்ப்பலகைக்குச் செல்லுதல் வேண்டும். பலவற்றின் துடிப்புகள் கலப்பின் கணக்குப் பிழைக்கும். ஏனைய விசிறிகள் நின்றாலும் கணினி அறியாதாகையால், அவற்றை இடையிடையே கண்ணாற் பார்த்தல் நன்று.

வெப்பநிலைக்கேற்ப வேகத்தை வகுக்கும் அட்டவணை கணினியின் தொடக்க அமைப்பிலேயே உண்டு. குளிர்ந்த அறையைக் கருதி வகுத்த அட்டவணை இங்கு பொருந்தாது. சும்மா இருக்கும் கணினியிலும் விசிறி ஓயாது ஏறியிறங்கும். நண்பகலில், பணியின்றி இருக்கும்போது முறைவழியாக்கியின் வெப்பநிலையை அளந்து, அதற்குச் சில பாகை மேலே முதற்படியை அமைத்தல் தகும். உள்ளிழுக்கும் விசிறிகளின் காற்று வெளித்தள்ளுவதினும் சற்று மிகுந்திருப்பின், இடுக்குகள் வழியே புழுதி புகாது. ஆனால் உள்ளிழுக்கும் வாயிலில் வலைவடி இருத்தல் இன்றியமையாதது. கடலும் களப்பும் அண்மையிலுள்ள நம் நிலத்தில், உப்பும் ஈரமும் ஏறிய புழுதி உலோகத்தை அரிக்கும். எனவே வலைவடியை மாதந்தோறும் கழுவி உலர்த்துதல் வேண்டும்.

ஒரு விசிறிக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கென வினவலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டமையை நாம் மறப்பதற்கில்லை. 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. ஈழத்து நூல்களும் இதழ்களும் எண்ணிம வடிவிற் பேணப்பட்டு வருகின்றன. இன்று நம் இல்லங்களிலும் ஏடுகளின் படிகளும், குடும்பப் படங்களும், மாணவரின் ஆய்வுகளும் கணினிப் பெட்டிகளில் உள்ளன. மீண்டும் அச்சிட முடியாத பலவற்றைத் தாங்கும் வன்தட்டின் அருகே சுழல்வது அச்சிறு விசிறியே. அதற்கு வேண்டிய வலுவையும் ஆணையையும் முறையாக வழங்குதல், நம் சேமிப்பைக் காக்கும் பணியின் ஓர் அங்கமேயாகும்.