மலைநாட்டுக் குதிரையும் மழை வெள்ளமும்

நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் சென்று மீளும் மாணவர்கள் மறவாது கூறும் காட்சிகளுள் ஒன்று, கிரெகரி ஏரிக்கரையில் சிறுவரை ஏற்றிக்கொண்டு அமைதியாய் நடக்கும் மட்டக்குதிரையாகும். அதன் முதுகில் ஏறி மகிழும் நாம், பெருமழை நாளில் அது எங்கே நிற்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் உழைப்பால் அடுப்பெரியும் குடும்பத்துக்கோ அதுவே வாழ்வா தாழ்வா என்னும் வினாவாகும்.

மலைநாட்டுக்குக் குதிரை புதியதன்று. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிலே பண்ணை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர், மாடுகள், செம்மறிக் கடாக்கள், வேட்டைநாய்கள் ஆகியவற்றோடு உயர்குலக் குதிரையொன்றையும் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்தார். 1875இல் அங்கே பந்தயத் திடலும் அமைந்தது. தோட்டத் துரைமார் குதிரையேறி மலை பார்த்த அக்காலத்தில், புல்லறுத்துப் போட்டு, உடல் தேய்த்து, அக்குதிரைகளைப் பேணிய குதிரைக்காரர் பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளரே. குதிரை நின்ற இடம் லாயம்; தொழிலாளர் வாழ்ந்த இடம் லயம். இரண்டுக்கும் அச்சம் தந்தது ஒரே மழைதான்.

அந்த அச்சம் இன்றும் நீங்கிற்றில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயல், இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மண்சரிவால் பெரிதும் அல்லலுற்றன. வீதிகள் அடைபட்டன, மலைநாட்டு இருப்புப் பாதை சிதைந்தது. மனிதருக்கே உணவு சென்று சேராத வேளையில், வாயில்லாப் பிராணிக்கு யார் புல் சுமப்பர்?

சமவெளியில் வெள்ளம் வந்தால், மேட்டை நோக்கி ஓட்டிச் சென்றாற் போதும். மலைநாட்டின் நிலை வேறு. பள்ளத்திலே நீர் ஏறுகிறது. மேட்டிலோ மண் சரிகிறது. ஆதலால் உயரமான இடமெல்லாம் காப்பான இடமாகிவிடாது. வெட்டப்பட்ட மண்திட்டின் அடிவாரம், நீரோடும் கானின் ஓரம், புதிதாய் வெடிப்புக் கண்ட நிலம், மரங்கள் சாய்ந்து நிற்கும் சரிவு, திடீரெனக் கலங்கல் நீர் ஊறும் இடம் ஆகியவற்றை விலக்கவேண்டும். காப்பான இடத்தைத் தெளிந்த வானத்தின் கீழேயே பார்த்து வைத்தல் அறிவுடைமை.

எப்பொழுது புறப்படுவது? மண்சரிவு குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. மஞ்சள் நிறம் விழித்திருக்கவும், செம்மஞ்சள் ஆயத்தமாகவும், சிவப்பு உடனே வெளியேறவும் கூறுவன. குதிரை வைத்திருப்போர் மஞ்சள் நிறத்திலேயே அதனை நடத்திச் சென்றுவிட வேண்டும் என்பது எமது கருத்து. சிவப்பு எச்சரிக்கை வந்தபின் நம் கைகள் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உரியவை. அப்பொழுது குதிரையைத் தேடி லாயத்துக்குத் திரும்புவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நேரம் தவறிவிட்டால் என் செய்வது? கயிற்றை அவிழ்த்து, கதவைத் திறந்துவிடுதல் ஒன்றே வழி. குதிரை நீந்த வல்லது. கட்டுண்ட குதிரையோ நின்ற இடத்திலேயே மாளும். 2024ஆம் ஆண்டு மே மாதம், பிறேசில் நாட்டின் கனோவாசு நகரம் வெள்ளத்தில் மூழ்கியபொழுது, ஒரு குதிரை வீட்டுக் கூரையொன்றின்மீது நாட்கணக்காய் நின்றது. மீட்புப் படையினர் அதற்கு மயக்க மருந்து கொடுத்து, காற்றடைத்த படகிலே கிடத்திக் கரைசேர்த்தனர். கரமேலோ என்று பெயர் பெற்ற அக்குதிரையை உலகமே கண்டு வியந்தது. அது கட்டுண்டு கிடந்திருப்பின் கூரைக்கு ஏறியிராது அன்றோ?

இனி உணவைப் பற்றிக் கூறுவோம். 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ உலர்புல்லும், 10 முதல் 15 லீற்றர் வரை நன்னீரும் வேண்டும். ஒரு வாரத்துக்கு 30 கிலோ உலர்புல்லை நனையாத பரணில் சேமித்தல் பெரிய காரியமன்று. நனைந்து பூஞ்சணம் பிடித்த புல்லைப் பசிக்கிரங்கிப் போட்டுவிடலாகாது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது; ஆகவே கெட்ட தீனியால் வரும் வயிற்றுவலி அதன் உயிரையே குடித்துவிடும். எலிக்காய்ச்சல் முதலிய நோய்க்கிருமிகளைச் சுமந்து வரும் வெள்ளநீரையும் அது பருகாமற் காத்தல் வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து ஓய்ந்ததென்று இருந்துவிடலாகாது. நாட்கணக்காய்ச் சேற்றில் நின்ற குளம்பு மென்மையுற்று அழுகும். குளம்பின் மேலே தோல் வெடித்துப் புண்ணாகும். குளம்பைத் துப்புரவாக்கி, கால்களைக் கழுவித் துடைத்து, உலர்ந்த தரையில் நிறுத்துதல் முதற் சிகிச்சை. தகரமோ ஆணியோ கீறிய காயமிருப்பின் மிருக வைத்தியரை நாடுக. ஏற்புவலி குதிரையை எளிதிற் பற்றும் கொடிய நோய். அதற்குரிய தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவைத்தல் நன்று.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஏழைக் குதிரைக்காரரால் அணை கட்ட இயலாது. ஆனால் உலர்புல் மூட்டையொன்றும், முன்னரே தேர்ந்த ஓர் இடமும், உரிய வேளையில் கயிற்றை அவிழ்க்கும் மனத்துணிவும் அவருக்கும் கைகூடுவனவே. தன் கட்டைத் தானே அவிழ்க்க அறியாத உயிரைக் கட்டி வைத்தவர் நாம். அவிழ்க்கும் கடமையும் நம்முடையதே.