காலநிலை ஆட்சியும் கள ஆய்வும்

காலநிலை மாற்றம் குறித்து அரசுகள் வகுக்கும் கொள்கைகளை ஆராயப் புகும் மாணவன் முதலில் நாடுவன சட்டங்களும் உடன்படிக்கைகளும் அறிக்கைகளுமேயாம். அவை வேண்டியனவே. ஆயினும், ஒரு விதி ஏட்டில் உள்ளவாறே நிலத்திலும் நடைபெறுகின்றதா என்பதை ஏடு கூறாது. அதனை அறிதற்கு ஆராய்வோன் ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் செல்லல் வேண்டும். இவ்வழியிற் சென்று பெரும்பயன் கண்டவர் அமெரிக்க அரசறிவியலறிஞரான எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் (1933–2012). பொருளியலுக்கான நொபெல் பரிசினை 2009இற் பெற்ற இவரே அப்பரிசு பெற்ற முதற் பெண்மணியாவார்.

அம்மையார் 1965இற் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வு, கலிபோணியாவின் லொஸ் ஏஞ்சலீஸ் நகரைச் சார்ந்த மேற்குப் படுகை என்னும் தரைக்கீழ் நீர்ப்பரப்பைப் பற்றியது. நகர சபைகளும் தொழிற்சாலைகளும் நீர்க் கம்பனிகளும் அளவின்றி இறைத்தமையால் அங்கே கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வாழ்வோர்க்கு இந்நோய் புதிதன்று. ஒருவன் இறைப்பைக் குறைப்பின் மிஞ்சும் நீரை அயலான் இறைப்பான்; ஆகவே எவனும் குறையான். இத்தகைய இடத்தில் அரசு முழுதும் கையேற்றாலன்றி உய்வில்லை என்று கருதுவோர் பலர். களத்திலோ வேறொன்று நிகழ்ந்தது. நீர் இறைப்போர் சங்கமாகக் கூடி, நீதிமன்றின் துணையோடு அவரவர் பங்கை வரையறுத்துக்கொண்டனர். கரையோரமாக நன்னீரை நிலத்துட் செலுத்திக் கடலைத் தடுக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. ஒவ்வொருவரும் இறைத்த அளவு ஆண்டுதோறும் யாவரும் காண வெளியிடப்பட்டது. கூட்டங்களிற் சென்றிருந்து கேட்டும் பதிவேடுகளைப் புரட்டியும் அம்மையார் இவற்றை அறிந்தார்.

நேபாளத்து நீர்ப்பாசனக் கால்வாய்களைப் பற்றி அவரும் அவருடன் உழைத்தோரும் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. நூற்றுக்கு மேற்பட்ட கால்வாய்கள் ஒப்பிடப்பட்டன. சில அரசாங்கத்தின் பரிபாலனத்திலுள்ளவை. பல கமக்காரர் தாமே கட்டிக் காப்பவை. பொறியியலாளர் அமைத்த கொங்கிறீற்று அணைகளையுடைய கால்வாய்களினும், கல்லும் மரக்கொம்பும் மண்ணுங் கொண்டு கட்டிய எளிய அணைகளையுடையவை கடைவயல்களுக்கு நீரைச் செவ்வனே கொடுத்தல் பெரும்பாலுங் காணப்பட்டது. இதற்குக் காரணம் யாது? எளிய அணையை வெள்ளம் அடிக்கடி அடித்துச் செல்லும். அதனைத் திருத்துதற்குத் தலைவயற்காரனுக்குக் கடைவயற்காரனின் உழைப்பு வேண்டும். ஆதலின் அவனுக்குரிய நீரை விடுதலும் வேண்டும். அழியாத அணை வந்ததும் அத்தேவை ஒழிந்தது, கடைவயற்காரன் கேட்பாரற்றவனானான்.

இதனைத் திணைக்களத்து வரைபடத்திற் காண இயலாது. கால்வாயின் கடைக்கோடி வரை, அதுவும் நீர் அருகிய காலத்தில், நடந்து சென்றவனே காண்பான். அலுவலரையும் வசதி படைத்தோரையும் மட்டுங் கண்டு மீளும் ஆய்வாளருமுளர். அவர்தம் நூல் திணைக்கள அறிக்கையின் மறுபிரதியாகவே முடியும். காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுத்தல் என்னும் பெயரால் இன்று அணையும் வாய்க்காலும் அமைப்போர், உதவியெனக் கட்டியதே ஏழைக் கமக்காரனின் நீரை மறித்தலுங் கூடும் என்பதை உணரவேண்டும்.

காடுகள் காபனீரொட்சைட்டை உட்கொள்ளுதலின் காலநிலைக் கொள்கையில் அவற்றுக்கும் இடமுண்டு. 1992இல் அம்மையாரும் பிறரும் தொடங்கிய பன்னாட்டு வன ஆய்வில், மரங்களும் அளக்கப்பட்டன. ஊரார் கைக்கொள்ளும் விதிகளும் வினவப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து அதே காடுகளுக்கு மீண்டுஞ் சென்று பார்த்தனர். காடு அரசுடையதோ ஊருடையதோ என்பதினும், அதனைப் பயன்கொள்வோர் விதிகளை ஒழுங்காகக் கண்காணித்தனரா என்பதே காட்டின் நலத்தோடு நெருங்கிய தொடர்புடையதாயிற்று. சொல்லையும் மரத்தையும் ஒருங்கே நோக்கும் இம்முறை சாலச் சிறந்தது. ஊரார் கூறுவதனைத்தையும் அவ்வாறே ஏற்றெழுதுவதும் ஆராய்ச்சியன்று.

2009இல், கொப்பன்கேகன் மாநாட்டுக்குச் சிறிது முன்னர், உலக வங்கிக்கென எழுதிய கட்டுரையொன்றில் அம்மையார் இவ்வனுபவங்களைக் காலநிலைக்குப் பொருத்தினார். உலகளாவிய உடன்படிக்கை ஒன்றையே எதிர்பார்த்திராது நகரம், மாகாணம், நாடு எனப் பல மட்டங்களிலும் முயற்சிகள் தொடங்கலாம் என்பது அவர் கருத்து. உலக உடன்பாடு வேண்டாமென்று அவர் கூறினாரல்லர். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே குறித்து அறிவிக்கின்றது. நிறைவேற்றியதைப் பற்றி அறிக்கையும் சமர்ப்பிக்கின்றது. அவ்வறிக்கைகளை நிபுணர் பரிசீலிப்பர். ஆயினும் அவர்முன் வைக்கப்படுவது அறிக்கையே. கடைவயல் வரை நடந்து பார்க்கும் பணி அவ்வந்நாட்டு ஆய்வாளருடையதாகவே நிற்கின்றது.