எஞ்சின் இடறுதல்: உப்புக் காற்றும் தீப்பொறியும்

புத்தளத்தினின்று தெற்கே வருவோர் கற்பிட்டிக்குத் திரும்புமிடம் பாலாவிச் சந்தி. மீனும் மரக்கறியும் ஏற்றிய பிக்கப் வண்டி இவ்வழியில் நின்றுவிடின் சரக்கின் கதி யாதென்பது சொல்லவேண்டுவதன்று. ஆதலின், வண்டி 'மிஸ்' அடிக்கின்றது என நம்மவர் கூறும் நோயினை ஈண்டு ஆராய்வோம்.

நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுங்கால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 1,500 முறை கலவை எரிதல் வேண்டும். காற்றும் பெற்றோலும் அளவாய்ச் சேர்ந்த கலவை, அதனை நெருக்கும் அமுக்கம், உரிய கணத்துத் தீப்பொறி ஆகிய மூன்றனுள் ஒன்று தவறினும் அச்சிலிண்டர் வாளாவிருக்கும். வண்டி குலுங்கும், ஏற்றத்தில் இளைக்கும்.

கடலோரத்தில் முதற்கண் ஐயுறத்தக்கது தீப்பொறியே. கொயில் எழுப்பும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ற்று. உப்போ ஈரத்தை ஈர்ப்பது. பிளக் வயர்மீது படிந்த உப்பு நனைந்ததும் மின்னுக்கு வழியாகின்றது. பொறி பிளக்கின் முனையை அடையாது எஞ்சின் இரும்பிற் பாய்ந்தொழிகின்றது. விடியற்பனியில் இடறி வெயிலேறியதும் சுகமாகும் வண்டி பெரும்பாலும் இந்நோயுடையதே. இருளிற் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், நீலப்பொறி ஒழுகுமிடம் கண்ணுக்குத் தெரியும். கையால் தொடுதல் ஆகாது. எஞ்சினை நிறுத்தி, ஆறியபின், உப்பைத் துடைத்து உலர்த்துக. வெடித்த வயரை மாற்றுக.

பிளக்குதோறும் கொயில் அமைந்த இக்கால வண்டியாயின், ஐயத்துக்குரிய கொயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். குற்றமும் உடன் பெயர்ந்தால் கொயிலே காரணம். பெயராதாயின் பிளக்கையும் இன்ஜெக்ரரையும் நோக்குக. கணினிக் கருவி பி 0301 எனக் காட்டின் முதலாம் சிலிண்டர், பி 0302 இரண்டாவது. அக்குறி இடத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. குறியைக் கண்டதும் நான்கு கொயில்களையும் வாங்கச் சொல்லும் மெக்கானிக் நமக்கு வேண்டா.

கழற்றிய பிளக்கின் முகமும் பேசும். வெளிர்கபிலம் நலம், உலர்ந்த கரி பெற்றோல் மிகுதி, எண்ணெய்ப்பசை உள்ளே தேய்வு. அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. ஏறினால் பிஸ்டன் வளையமும், ஏறாவிடின் வால்வும் பழுதாயிருத்தல் கூடும்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் விரைந்தோடுதல் தகாது. எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள ஊக்கியைச் சுட்டழிக்கும்; அதன் விலை பிளக்கின் விலையன்று.

டீசல் பிக்கப்புகளும் நம் வீதிகளிற் பல. அவற்றிற்குத் தீப்பொறி வேண்டாமையின் மேற்கூறிய உப்புநோய் இல்லை. அவை இடறின், எரிபொருள் பில்ற்றரில் நீர் சேர்ந்துளதா என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.